பூனையும் தோட்டமும் ஒரே வீட்டில்: நச்சுச் செடிகளிடமிருந்து பூனையைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் வீட்டைச் சுற்றி என்ன செடி வைக்கலாம் என்று யோசிக்கும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். சித்திரை வெயிலுக்குத் தாங்குமா? ஆடு கடிக்குமா? இந்த இரண்டிலும் தேறிய செடிகளைத்தான் தலைமுறை தலைமுறையாக நட்டு வருகிறோம்: அரளி, மஞ்சள் அரளி, நித்தியகல்யாணி, காட்டாமணக்கு, கள்ளி. ஆடு ஏன் கடிக்கவில்லை என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆடு வாய் வைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் செடியில் இருக்கும் நஞ்சுதான்.

இது பழைய கூட்டம். ஊர்ப் பெரியவர்களுக்கு இவற்றைப் பற்றி நன்றாகத் தெரியும். இன்னொரு கூட்டம் பத்து இருபது வருஷத்துக்குள் நர்சரி வழியாக வந்தது: சைகஸ், அடீனியம், மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, பூங்கொத்துக் கடையில் விற்கும் லில்லி. இவற்றைப் பற்றி ஆச்சியைக் கேட்டாலும் தெரியாது, விற்பவரைக் கேட்டாலும் தெரியாது. பூனை வளர்ப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் என்பது என் எண்ணம். பூனைக்கு மிக ஆபத்தான செடி அதில்தான் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்களோடு பட்டியல் கிடைக்கும். அதைப் படித்தால் பயம்தான் மிஞ்சும். கொல்லும் செடி எது, வாயை மட்டும் எரிக்கும் செடி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பூனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

பூனை இறைச்சி தின்னும் பிராணி. ஆனாலும் புல்லைக் கடிக்கும். அது நோயோ பசியோ அல்ல, இயல்பு. குட்டிகள் காற்றில் ஆடும் எதையும் பாய்ந்து கடிக்கும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூனை பொழுது போகாமல் தொட்டிச் செடியை மெல்லும்.

அதைவிட முக்கியம் அதன் நாக்கு. செடியின் மேல் உரசிவிட்டு வரும் பூனை உட்கார்ந்து உடம்பு முழுக்க நக்கும். மயிரில் ஒட்டிய பால், மகரந்தம், தெளித்த மருந்து எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். இலையையே தின்னாத பூனைக்கும் நஞ்சு ஏறுவது இப்படித்தான்.

அப்புறம் கல்லீரல். சில வேதிப்பொருள்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் வேலை மனித உடம்பிலும் நாயின் உடம்பிலும் நன்றாக நடக்கிறது. பூனைக்கு அதற்கான நொதிகள் குறைவு. அதனால்தான் நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஆகவே "எங்க நாய் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால் அதைப் பூனைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: பூனையின் உயரத்தில் ஒரு சுற்று

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். முன்வாசல், புறவாசல், மாடிப்படி, மொட்டை மாடி, ஜன்னல் விளிம்பு, குளியலறைப் பக்கம், மதில் ஓரம் என்று ஒன்றையும் விட வேண்டாம். நின்றபடி பார்த்தால் பூ தெரியும். குனிந்து பார்த்தால்தான் பூனைக்கு எட்டுவது எது, கடித்த தடம் எதில் இருக்கிறது என்று தெரியும். பூனை கடித்த இலையின் ஓரம் பிய்ந்து, ஊசிப் பல் பட்ட ஓட்டைகளோடு இருக்கும். புழு தின்ற ஓட்டை வளைவாக, ஒழுங்காக இருக்கும்.

ஒவ்வொரு செடியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். இலை, பூ, முழுச் செடி மூன்றும் வேண்டும். பெயர் தெரியாதவற்றை நர்சரியில் காட்டிக் கேளுங்கள். பின்னால் ஆபத்து வந்தால் மருத்துவரிடம் காட்டவும் இந்தப் படங்கள் உதவும்.

இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம். ஓரளவுக்கு உதவும். எருக்கு, கள்ளி, மஞ்சள் அரளி எல்லாம் பால் வடிக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பலாவிலும் சப்போட்டாவிலும்கூடப் பால் வரும், லில்லியிலும் சைகஸிலும் ஒரு சொட்டும் வராது. கிள்ளிப் பார்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் படும் பாடு தனி.

படி 2: தரம் பிரிப்பது

முதலில் கொல்லக்கூடியவை. இதில் சமரசம் கிடையாது.

லில்லியை முதலில் வைக்கிறேன். கல்யாண வரவேற்பு மேடையிலும், பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் ஈஸ்டர் சமயத்திலும், பூங்கொத்திலும் பார்க்கும் பெரிய எக்காளப் பூ. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஆறு இதழ், நடுவில் நீட்டிய காம்புகளில் பழுப்பு மகரந்தம். இதுவும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் சில நாளில் செயலிழக்கச் செய்யும். இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூச்சாடியில் நின்ற தண்ணீர் எல்லாமே நஞ்சு. ஒரு இதழின் துண்டு போதும். மயிரில் விழுந்த மகரந்தத்தை நக்கினாலும் போதும். எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்று ஆய்வாளர்களே இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. நாய்க்கு இதே லில்லி வயிற்றுக் கோளாறோடு போய்விடும், சிறுநீரகத்தைத் தொடாது.

லில்லி என்று விற்கும் எல்லாமே இந்த ரகம் அல்ல. பீஸ் லில்லி வாயை எரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்காது. மழை பெய்த மறுநாள் பூக்கும் ரெயின் லில்லியும், வாய்க்கால் ஓரத்து விஷமூங்கிலும் வாந்தி, பேதியைக் கொடுக்கும். அவற்றின் கிழங்கில்தான் நஞ்சு அதிகம். நம் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, லில்லியைப் போலச் சிறுநீரகத்தை மட்டும் தாக்குவதல்ல. அதில் உள்ள கோல்சிசின் உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடும். வாந்தி, ரத்தப் பேதி, பிறகு பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக. மாநில மலர் என்ற மரியாதை அதற்கு உண்டு. பூனை உள்ள வீட்டு வேலியில் மட்டும் வேண்டாம்.

அடுத்து அரளிக் குடும்பம். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி, மொட்டை மாடியில் பானை வயிற்றோடு நிற்கும் அடீனியம், எருக்கு எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடுகள் இருக்கின்றன. நான்குவழிச் சாலையின் நடுவில் அரளியை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. தண்ணீர் அதிகம் கேட்காது, மாடும் சீண்டாது.

அரளியைப் பற்றிப் பேசினால் வீட்டில் எதிர்ப்பு வரும். எதிர்வீட்டு ஆச்சியிடம் சொன்னபோது, "அம்மனுக்குச் சாத்துத பூவுல்லா தாயி, அதையா வெட்டச் சொல்லுத?" என்றார். நியாயம்தான். என் கருத்து இது: மதிலுக்கு வெளியே, தெருவோரம் நிற்கும் பெரிய அரளியை வெட்ட வேண்டியதில்லை. பச்சை இலை கசப்பு, வளர்ந்த பூனை அதைத் தேடிப்போய்த் தின்பது அபூர்வம். வெட்டிப் போட்ட கிளை, காய்ந்து முற்றத்தில் பறக்கும் இலை, தொங்கும் மாலை, குட்டி விளையாடும் தொட்டிச் செடி ஆகியவைதான் கவலை. அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. தொட்டியில் இருக்கும் அரளியும் அடீனியமும் பூனை நடமாடும் இடத்தில் இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சைகஸ். புது வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் ஜோடியாக வைக்கிறார்களே, குட்டிப் பனை மாதிரி, அதுதான். விலை அதிகம், மெதுவாக வளரும் என்பதால் யாருக்கும் தூக்கிப்போட மனசு வராது. இதன் சைகாசின் என்ற நஞ்சு கல்லீரலை அழிக்கும். எல்லாப் பாகமும் ஆபத்து, விதை மிக அதிக ஆபத்து. புதிதாக விரியும் குருத்து மிருதுவாக, புல் மாதிரியே ஆடும். பூனைக்கு அது விளையாட்டுச் சாமான்.

இதே வரிசையில் சுருக்கமாக இன்னும் சில. ஆமணக்கும் குன்றிமணியும் விதையில் கொல்லும். முழு விதை அப்படியே வெளியே போய்விடலாம், மென்று உடைத்தால்தான் நஞ்சு வெளிவரும். ஊமத்தையில் எல்லாப் பாகமும் நஞ்சு. காட்டாமணக்கு விதையும் அப்படித்தான். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்தை எடுக்கிறார்கள். அந்தப் பொருள்களே பூனைக்கு வாந்தியும் நடுக்கமும் தரும். கலஞ்சோ என்று சின்னத் தொட்டியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடியும், அதன் இனமான ரணகள்ளியும் இதயத்தைத் தொடக்கூடியவை. பாபநாசம், குற்றாலம் மலையடிவாரத்தில் வேலியாகவே மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி கல்லீரலுக்குக் கேடு. ஆடு மாடுகள்தான் அதில் அதிகம் மாட்டும். சமையல் தோட்டத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் போட்ட மீன் குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைப்பதும் அதனால்தான் தப்பு.

இரண்டாவது தரம், வாயை எரிப்பவை. மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, சிங்கோனியம், கலேடியம், ஆந்தூரியம், பிலோடென்ட்ரான், சேம்பு எல்லாம் ஒரே குணம். இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கும். கடித்தவுடன் நாக்கிலும் உதட்டிலும் குத்தும். சேப்பங்கிழங்கை அரை வேக்காட்டில் தின்றவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், சாப்பிடாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் அவசரம். கற்றாழை மட்டையில் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் பேதியைத் தரும். குரோட்டன்ஸ், செவ்வந்தி, பாம்புச் செடி ஆகியவையும் வயிற்றைக் கலக்கும், உயிருக்கு ஆபத்து அரிது. இவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும்.

பூனையோடு நிம்மதியாக வைக்கக்கூடியவையும் நிறைய உண்டு. ரோஜா, மல்லிகை, பிச்சி, காசித்தும்பை, கோழிக்கொண்டை, ஜின்னியா, சூரியகாந்தி, வாழை, அரிகா பனை, ஸ்பைடர் பிளாண்ட். சைகஸ் நின்ற இடத்தில் அரிகா பனையை வைத்தால் வாசலின் அழகு குறையாது. நர்சரியில் கேட்கும்போது இரண்டையும் வெறும் "பாம்" என்றுதான் சொல்வார்கள், அதனால் இலையைப் பார்த்து வாங்குங்கள். அரிகா தரையிலிருந்து பல தண்டுகளாகக் கிளம்பும், இலை மிருதுவாக வளையும். சைகஸுக்கு ஒரே தடித்த அடி, இலை நுனி ஊசி போலக் குத்தும்.

படி 3: அகற்றும் முறை

கையுறை போடுங்கள். பால் தெறிக்கும் செடி என்றால் கண்ணாடியும் வேண்டும். பூனையை ஒரு அறையில் அடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், வெட்டும் இடத்துக்கு வேடிக்கை பார்க்க முதலில் வருவது அதுதான்.

செங்காந்தளுக்கு மேலே இழுத்துப் போட்டால் பிரயோஜனம் இல்லை. மண்ணுக்குள் கலப்பை போல இரண்டு கிளையாகக் கிடக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். கிழங்கில்தான் நஞ்சும் அதிகம்.

அரளிக் கட்டையை அடுப்பில் வைப்பதோ குப்பையோடு கொளுத்துவதோ கூடாது, அந்தப் புகையும் நஞ்சுதான். வெட்டியதைத் தெருவில் போட்டால் ஆடு மாடு தின்றுவிடும். பச்சையில் சீண்டாத கால்நடை, வாடிய அரளியைத் தின்று சாவது உண்டு. சாக்கில் கட்டி, குப்பை வண்டியில் வருபவர்களிடம் என்ன செடி என்று சொல்லிக் கொடுங்கள். உரக்குழியிலும் போட வேண்டாம்.

இடம் மாற்றும் செடிகளுக்கு ஒரு விஷயம். அலமாரி மேல் வைப்பது பூனைக்கு மறைப்பே இல்லை. ஆறடி மதிலை ஒரே தாவலில் ஏறுவதற்கு அலமாரி எம்மாத்திரம்? உத்தரத்தில் கொக்கி போட்டு, பக்கத்தில் ஏறி நிற்க ஜன்னலோ நாற்காலியோ இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். கொடி கீழே வளர வளர வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மணி பிளாண்ட் கொடி ஆடும் உயரத்துக்கு வந்துவிட்டால் தொங்கவிட்டதில் பயனில்லை.

படி 4: வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பூ

தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். கொடை முடிந்து இசக்கி கோயிலிலிருந்தோ சுடலை கோயிலிலிருந்தோ அரளி மாலை வீட்டுக்கு வரும். நிலைப்படியில் மாட்டுவோம். இரண்டு நாளில் நார் தளர்ந்து, மாலையின் வால் மட்டும் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். பூனை பின்னங்காலில் எழுந்து நின்று அதைத் தட்டும், பூ உதிரும், உதிர்ந்ததை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். விநாயகர் சதுர்த்திக்கு வரும் எருக்க மாலைக்கும் இதே கதைதான். மாலையைச் சாமி படத்துக்குச் சாத்தி, பூஜை அறைக் கதவைச் சாத்துங்கள். வாடுவதற்கு முன் எடுத்து மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

கல்யாண வீட்டிலிருந்தோ பிறந்தநாள் விழாவிலிருந்தோ பூங்கொத்து வந்தால் வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். லில்லி இருந்தால் அந்தக் காம்பு வீட்டுக்குள் வரவே கூடாது. மகரந்தத்தை மட்டும் கிள்ளிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். இலையும் இதழும் நஞ்சு என்ற பிறகு அதில் என்ன பாதுகாப்பு? பக்கத்தில் இருந்த ரோஜாவிலும் மகரந்தம் ஒட்டியிருக்கலாம், உதறிக் கழுவிய பிறகே சாடியில் வையுங்கள்.

படி 5: உரமும் மருந்தும்

இயற்கை விவசாயம் என்று மொட்டை மாடித் தோட்டத்தில் மீன் அமிலம் ஊற்றாதவர்கள் இப்போது குறைவு. மீன் கழிவும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்தது, செடிக்கு நல்லதுதான். ஆனால் பூனைக்கு அது சாப்பாட்டு அழைப்பு. ஊற்றிய தொட்டியைத் தேடி வரும், மண்ணைக் கிளறும், அங்கே உள்ள இலையைக் கடிக்கும். சும்மா நின்ற அடீனியம் மீன் அமிலம் ஊற்றியதால் கடிபடுவது இப்படித்தான். எலும்புத் தூளுக்கும் இதே ஈர்ப்பு உண்டு. பாதுகாப்பான செடிகளுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த மண் போட்டு மூடுங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கைப் பூனை உள்ள வீட்டில் பயன்படுத்தவே வேண்டாம். எண்ணெய் எடுத்தாலும் விதையின் நஞ்சான ரிசின் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால்தான் செயலிழக்கும். வாங்கும் மூட்டையில் அது நடந்ததா என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது.

நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் எலி மருந்தும் பூனை நடமாடும் தோட்டத்துக்கு ஆகாது. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து சாகும். வேப்பெண்ணெயைச் செடிக்குத் தெளித்தால் இலை காயும் வரை பூனையை உள்ளே வையுங்கள், பூனையின் உடம்பில் தடவாதீர்கள்.

படி 6: பூனைக்கென்று ஒரு தொட்டி

கடிக்காதே என்று பூனையிடம் சொல்ல முடியாது. கடிக்க வேறு ஒன்றைக் கொடுக்கலாம்.

பலசரக்குக் கடையில் முழுக் கோதுமை வாங்குங்கள். விதைக் கடையில் மருந்து தடவி விற்பது வேண்டாம். ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத் துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் அகலமான தட்டில் தென்னை நார்க் கழிவும் மண்ணும் கலந்து பரப்பி, மேலே நெருக்கமாகத் தூவி, லேசாக மூடுங்கள். தட்டு கனமாக இருக்கட்டும், லேசாக இருந்தால் பூனை இழுக்கும்போது கவிழும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால், வாரம் பத்து நாளில் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்துவிடும். அப்போது கொடுங்கள். மஞ்சளாகவோ பூஞ்சை பிடித்தோ போனால் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த தட்டு. இரண்டு தட்டுகளை ஒரு வார இடைவெளியில் விதைத்தால் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும்.

சோளம் மட்டும் விதைக்க வேண்டாம். இளஞ்சோளக் குருத்தில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. மழை பொய்த்த காலத்தில் சோளக் கொல்லையில் மேய்ந்த மாடு சாவது கரிசல் காட்டில் தெரிந்த சங்கதி. அருகம்புல் நல்லது. ஆனால் மருந்து அடித்த வயல் வரப்பில் அறுத்தது கூடாது, வீட்டு மண்ணில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

குப்பைமேனியைப் பிடுங்கினால் வேர் வாசனைக்குப் பூனை வந்து உருளும், தேய்க்கும், கிறங்கும். பார்க்க வேடிக்கைதான். அந்தச் செடியிலும் சயனைடு சார்ந்த பொருள் இருப்பதால் நான் அதைப் பிடுங்கிக் கொடுப்பதில்லை.

மற்றத் தொட்டிகளின் மண்ணில் கோழிமுட்டை அளவு கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் கிளறுவதும் மலம் கழிப்பதும் நின்றுவிடும்.

படி 7: ஊர் சுற்றும் பூனை

நம் வீட்டுப் பூனைகளில் பாதி, சாப்பாட்டுக்கு மட்டும் நம் வீடு என்று இருப்பவை. அடுத்த வீட்டுத் தோட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஒரு முறை போய்ப் பேசலாம். "உங்க செடி விஷம்" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். "அண்ணாச்சி, கிளை வெட்டினா சொல்லுங்க, நானே வந்து அள்ளிக்கிடுதேன்" என்றால் கேட்பார்கள்.

கருத்தடை செய்த பூனை சுற்றும் தூரம் குறையும். சாயங்காலச் சாப்பாட்டைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்து, இரவில் உள்ளே பூட்டிக்கொண்டால் ஆபத்து பாதி குறையும். இன்னொரு லாபம், ஏதாவது தின்றிருந்தால் இரவிலேயே உங்கள் கண்ணில் படும்.

படி 8: கடித்துவிட்டால்

எந்தச் செடிக்கு எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம். உடனே எச்சில் ஒழுகி வாயைத் தேய்த்தால் மணி பிளாண்ட் வகை. தேரையைக் கவ்விய பூனையும் இதே மாதிரி நுரை தள்ளும், மழைக்கால ராத்திரி என்றால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்மணி அகல விரிந்து, தள்ளாடி, வாய் காய்ந்து, இதயம் படபடத்தால் ஊமத்தை. வாந்தியோடு உடம்பு சில்லிட்டு, துடிப்பு மெதுவாகவோ தாறுமாறாகவோ இருந்தால் அரளிக் குடும்பம். சைகஸில் முதலில் வாந்தி, இரண்டு மூன்று நாளில் ஈறும் காதின் உள்பக்கமும் மஞ்சளாகும். ஆமணக்கு விதை சில மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும், ரத்தம் கலந்த பேதி போகும்.

லில்லிதான் ஏமாற்றும். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு வாந்தி நின்று தேறியது போல இருக்கும். "சரியாயிட்டு" என்று விட்டுவிடுவோம். அதே நேரத்தில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீர் நின்றுவிடும், அதற்குப் பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். தின்ற 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற ஆரம்பித்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கும். ஆகவே லில்லியைக் கடித்ததைப் பார்த்தாலோ, மூக்கில் மகரந்தத் தூள் ஒட்டியிருந்தாலோ, அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வாயில் தெரியும் இலையை எடுத்துவிடுங்கள். மயிரில் பாலோ மகரந்தமோ இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடியுங்கள். கண்ணில் பால் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் மெதுவாக ஊற்றுங்கள். கடித்த செடியின் கிளை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

செய்யக் கூடாதவைதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே கொல்லும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும். அடுப்புக் கரியை அரைத்துக் கொடுப்பதும், நஞ்சை உறிஞ்ச மருத்துவமனையில் கொடுக்கும் கரியும் ஒன்றல்ல. மோரும் பாலும் நஞ்சை முறிக்காது. வாய் மட்டும் எரிகிறது என்றால் இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம், அவ்வளவுதான். தள்ளாடும் பூனைக்கும் மயங்கிய பூனைக்கும் வாய் வழியாக எதுவுமே கூடாது.

திருநெல்வேலியில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே மருத்துவமனையும் உண்டு. அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் பக்கம் இருப்பவர்கள் பக்கத்து அரசுக் கால்நடை மருத்துவமனையின் நேரத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாடு, ஆடு, கோழி பார்ப்பதே அங்கே பிரதான வேலையாக இருக்கலாம். பூனைக்குத் திரவம் ஏற்றும் வசதி உண்டா, இரவில் யாரை அழைப்பது, ரத்தப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்ற மூன்றையும் பூனை நன்றாக இருக்கும் நாளில் விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைப் பூனை தூங்கும் இடத்திலேயே போட்டு வைத்தால், அவசரத்தில் அதற்குள் ஏற்ற மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

மருத்துவரிடம் "ஏதோ செடி தின்னுட்டு" என்று நிறுத்தாதீர்கள். செடியைக் காட்டுங்கள். லில்லி என்றால், இரண்டு நாளாவது விடாமல் திரவம் ஏற்ற வேண்டியிருக்குமா என்று நீங்களே கேளுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின், யூரியா அளவை அன்றைக்கும், 24 மணி நேரத்திலும், 48 மணி நேரத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பரிசோதனை சரியாக இருந்தது என்று அழைத்து வந்துவிட வேண்டாம். அரளி என்றால் இதயத் துடிப்பை ஒரு நாளாவது கண்காணிக்க வேண்டும், ஈசிஜி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சைகஸ் என்றால் கல்லீரல் பரிசோதனையைச் சில நாள் தொடர வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைக் கவனியுங்கள். சிறுநீரில் நனைந்து கட்டியான மணல் உருண்டை எத்தனை, எவ்வளவு பெரிது என்று காலையும் மாலையும் பாருங்கள். சட்டென்று குறைந்தாலோ, நாள் முழுக்க இல்லாமல் போனாலோ, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலோ திரும்ப அழைத்துப் போங்கள். மீன் வேகவைத்த தண்ணீரை, உப்பும் மஞ்சளும் வெங்காயமும் சேர்க்காமல், சாப்பாட்டில் கலந்து வைத்தால் தண்ணீர் உள்ளே போகும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.